தலையில் விழாத ஆப்பிள், பிறக்காத பேராசிரியர்

கணித மேதை காஸின் கதையைக் கேட்காமல் பள்ளிக் கணக்கைத் தாண்டி வந்தவர்கள் குறைவு. வகுப்பைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்க நினைத்த ஆசிரியர், 1 முதல் 100 வரை உள்ள எண்களைக் கூட்டச் சொல்கிறார். பிள்ளைகள் சிலேட்டின் மேல் குனிகிறார்கள். ஒரு பொடியன் மட்டும் மறுநொடியே 5050 என்று எழுதி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறான். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டினால் 101, அப்படி 50 சோடிகள், வேலை முடிந்தது.

அருமையான கதை. ஒரு குறுக்குவழி எப்படிப் பிறக்கிறது என்பதைக் குழந்தைக்குக் காட்ட இதற்கு ஈடான கதை இல்லை. ஆனால் 1 முதல் 100 வரை என்ற அந்தக் கணக்கு முதல் பதிவில் இல்லவே இல்லை. காஸ் 1855இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய நண்பரான சார்டோரியஸ் என்ற கோட்டிங்கன் பேராசிரியர் ஒரு நினைவு நூல் எழுதினார். முதுமையில் காஸ் தம் வாயாலேயே சொல்லி மகிழ்ந்த கதை என்று அதில் இது வருகிறது. ஒரு கூட்டுத் தொடர் கொடுக்கப்பட்டது, சிறுவன் உடனே சிலேட்டை மேசைமேல் வைத்தான், கடைசியில் எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரே ஓர் எண்தான் இருந்தது, அது சரியாகவும் இருந்தது. அவ்வளவுதான். எந்தத் தொடர், என்ன விடை, எந்த வழி என்று ஒரு சொல்லும் இல்லை. பிரையன் ஹேய்ஸ் என்ற எழுத்தாளர் இந்தக் கதையின் நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களைத் திரட்டி 2006இல் ஒரு கட்டுரை எழுதினார். சொல்பவர் மாற மாற எண்களும் மாறுகின்றன, சிறுவனின் வயது மாறுகிறது, ஆசிரியரின் கொடுமையும் ஏறிக்கொண்டே போகிறது.

அந்த ஆசிரியருக்குச் செய்யப்பட்ட அநியாயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பியூட்னர் என்பது அவர் பெயர். கதையில் அவர் சோம்பேறி, பிரம்பை நம்பி வாழ்பவர். பிரம்பு அந்தக் காலத்து எல்லா வகுப்பிலும் இருந்ததுதான். ஆனால் அதே பியூட்னர், இந்தப் பையனுக்கு வகுப்புப் புத்தகம் போதாது என்று கண்டு, ஹாம்பர்க்கிலிருந்து நல்லதொரு கணக்குப் புத்தகத்தைத் தருவித்துக் கொடுத்தார். அவருக்கு உதவியாளராக இருந்த மார்ட்டின் பார்ட்டெல்ஸ், காஸைவிட எட்டு வயது மூத்த இளைஞர், சிறுவனுடன் உட்கார்ந்து சேர்ந்தே படித்தார். இந்த பார்ட்டெல்ஸ் பின்னாளில் ரஷ்யாவின் கசான் நகரில் பேராசிரியரானபோது அவரிடம் பயின்ற மாணவர்தான் யூக்ளிடைத் தாண்டிய வடிவியலைப் படைத்த லோபசெவ்ஸ்கி. கதையில் பார்ட்டெல்ஸுக்கு இடமே கிடையாது. தனியாக ஒளிரும் பையன் ஒருவன் வேண்டும் என்பதற்காக, அவனுக்கு விளக்குப் பிடித்த இரண்டு பேரை இருட்டுக்குள் தள்ளிவிட்டோம்.

அந்தக் குறுக்குவழியும் காஸோடு தொடங்கவில்லை. கூட்டுத் தொடரின் கூட்டுத்தொகைக்கான விதி 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடீயத்தில் இருக்கிறது. 5050 என்ற அதே விடைகூட, எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அல்குயின் தொகுத்ததாகக் கருதப்படும் புதிர்களில் வருகிறது. நூறு படி உள்ள ஏணி, முதல் படியில் ஒரு புறா, இரண்டாம் படியில் இரண்டு, நூறாம் படியில் நூறு, மொத்தம் எத்தனை? அங்கே 1உடன் 99, 2உடன் 98 என்று சோடி சேர்க்கிறார்கள். நூறும் ஐம்பதும் தனியே மிஞ்சுகின்றன. விடை ஒன்றுதான்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது மேதைகளைச் சிறுமைப்படுத்தும் வேலை என்று வருந்துபவர்கள் உண்டு. நான் நேர்மாறாக நினைக்கிறேன். கதைகள் மறைத்துவைப்பது பெரும்பாலும் இரண்டைத்தான்: செலவான காலத்தை, உடன் நின்ற மனிதர்களை. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தால் மேதை இன்னும் உயர்ந்துதான் நிற்கிறார்.

“ஆப்பிள் தலையில் விழுந்தது, ஈர்ப்பு விதி பிறந்தது”

ஆப்பிள் முழுக் கட்டுக்கதை இல்லை. 1726 ஏப்ரல் 15 அன்று, லண்டனை ஒட்டிய கென்சிங்டனில், உணவுக்குப் பின் ஆப்பிள் மர நிழலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நியூட்டனே அதை வில்லியம் ஸ்டூக்லி என்ற இளைய நண்பரிடம் சொன்னார். இதே போன்ற சூழலில்தான் பழம் ஒன்று விழக் கண்டு, அது ஏன் பக்கவாட்டிலோ மேலேயோ போகாமல் எப்போதும் நேராகத் தரையை நோக்கியே வருகிறது என்று யோசித்தாராம். தலையில் விழுந்ததாக அவர் சொல்லவில்லை. சொன்னபோது அவருக்கு வயது 83. நினைவுகூர்ந்த நிகழ்ச்சியோ, கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டு அவர் வூல்ஸ்தோர்ப்பில் அம்மா வீட்டில் இருந்த 1660களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது.

ஈர்ப்பு விதியைச் சொல்லும் அவருடைய பிரின்கிப்பியா வெளிவந்த ஆண்டு 1687. ஆப்பிளுக்கும் புத்தகத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகள்தான் உண்மையான கதை. இளமையில் அவர் நிலவின் இயக்கத்தை வைத்துப் போட்டுப்பார்த்த கணக்கு ஓரளவுக்கே பொருந்தியது. பூமியின் அளவே அப்போது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பிறகு பிரான்சில் பிகார் என்பவர் பூமியை நன்றாக அளந்தார். 1679-80இல் ராபர்ட் ஹூக் எழுதிய கடிதங்கள், கோள் நேர்கோட்டில் போக முயல்வதையும் நடுவிலிருந்து ஒரு விசை அதை இழுப்பதையும் சேர்த்துப் பார்க்கும் வழிக்கு அவரைத் திருப்பின. 1684 ஆகஸ்டில் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜுக்கு நேரில் வந்து, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் விசை இருந்தால் கோளின் பாதை எப்படி இருக்கும் என்று கேட்டார். நீள்வட்டம், ஏற்கெனவே கணக்கிட்டுவிட்டேன் என்றார் நியூட்டன். தாளைத் தேடினார், கிடைக்கவில்லை. மீண்டும் எழுதி அனுப்புவதாக வாக்களித்தார். நவம்பரில் சில பக்கங்கள் வந்தன. அந்தச் சில பக்கங்களே வளர்ந்து வளர்ந்து பிரின்கிப்பியா ஆயின.

அச்சிடப் பணம்? ராயல் சொசைட்டியின் கையிருப்பு, வில்லபி எழுதிய மீன்களின் வரலாறு என்ற படங்கள் நிறைந்த நூலை அச்சிட்டதில் கரைந்து போயிருந்தது. நியூட்டனின் நூலுக்கான செலவை ஹாலி தம் கையிலிருந்து போட்டார். அச்சுப்படிகளைத் திருத்தினார். முன்னுரிமை கோரிய ஹூக்கின் மேல் கோபம் கொண்டு மூன்றாம் பாகத்தையே தரமாட்டேன் என்ற நியூட்டனைச் சமாதானம் செய்தார். அதே காலத்தில் ஹாலிக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாகச் சொசைட்டி விற்காமல் கிடந்த மீன் புத்தகப் பிரதிகளைக் கொடுத்தது. ஆப்பிளைச் சொல்கிற நாக்கு ஹாலியையும் சொல்ல வேண்டும். அவர் இல்லாவிட்டால் அந்தத் தாள்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் மேசையறையில் கிடந்திருக்குமோ.

பைசா கோபுரத்தின் கதை இதைவிட மெலிந்தது. சாய்ந்த கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டுகளைப் போட்டார் என்பதற்கு அவர் எழுத்தில் ஆதாரம் இல்லை. கடைசிக் காலத்தில் அவருடன் இருந்த விவியானி 1654இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அது வருகிறது. அந்த வரலாறும் 1717இல்தான் அச்சேறியது. உயரத்திலிருந்து குண்டு போட்ட சோதனை நடந்தது ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில். சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர், ஒன்றைவிடப் பத்து மடங்கு கனமான மற்றொன்று என இரண்டு ஈயக் குண்டுகளைச் சுமார் 30 அடி உயரத்திலிருந்து விழவிட்டு, இரண்டும் ஒரே சத்தமாய் விழுந்ததை 1586இல் எழுதிவைத்தார். கலிலியோ செய்தது வேறு, அது இன்னும் நுட்பமானது. சரிவான பலகையில் குண்டை உருட்டி, ஒழுகும் நீரை நிறுத்துப் பார்த்து நேரத்தை அளந்தார். நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தூரம் கூடுகிறது என்று அவர் கண்டது அந்தப் பலகையில்தான். கோபுரம் படத்துக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக இந்தப் பலகையை இழந்தது பெரிய இழப்பு. பலகை எந்தப் பள்ளியிலும் கிடைக்கும்.

ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றார் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1935இல் ரிப்ளேயின் ‘நம்பினால் நம்புங்கள்’ பகுதியில் அப்படி வந்ததைக் காட்டியபோது, அவரே மறுத்தார். 15 வயதுக்கு முன்பே நுண்கணிதம் கற்றுவிட்டதாகச் சொன்னார். 1895இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அவர் தேறாதது உண்மை. வழக்கமான வயதைவிட இரண்டு வயது குறைவாக இருந்தபோது எழுதிய தேர்வு அது. அதிலும் கணிதமும் இயற்பியலும் நன்றாகவே வந்தன. காலை வாரியவை மற்றப் பாடங்கள். மறு ஆண்டு ஆராவ் பள்ளிச் சான்றிதழில் இயற்கணிதத்திலும் வடிவியலிலும் அவருக்கு 6க்கு 6.

“சாவதற்கு முந்தைய இரவில் எல்லாவற்றையும் எழுதினார்”

எவரிஸ்ட் கால்வா 1832 மே மாத இறுதியில் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு, 20 வயதில் இறந்தார். முந்தைய இரவு விடிய விடிய உட்கார்ந்து குலக் கோட்பாடு முழுவதையும் தாளில் இறக்கினார் என்பது எரிக் டெம்பிள் பெல் 1937இல் எழுதிய புகழ்பெற்ற நூல் பரப்பிய படம். கண்ணீர் வரவைக்கும் படம்தான். ஆனால் கால்வாவின் முதல் கட்டுரை 1829லேயே அச்சாகிவிட்டது. சமன்பாடுகள் பற்றிய ஆய்வை அவர் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு மூன்று முறை அனுப்பியிருந்தார். ஒருமுறை அனுப்பியது, அதை வைத்திருந்த ஃபூரியே இறந்ததும் காணாமல் போயிற்று. 1831இல் அனுப்பியதைத் தெளிவில்லை என்று புவாசோன் திருப்பினார். கடைசி இரவில் அவர் செய்தது, இருந்த கையெழுத்துப் படியில் திருத்தங்கள் இட்டு, நண்பர் ஷெவாலியேவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. ஓரிடத்தின் ஓரத்தில் நேரமில்லை என்று எழுதியிருப்பது உண்மை. அந்த ஒரு குறிப்பை வைத்து, மூன்று ஆண்டு உழைப்பை ஓர் இரவாகச் சுருக்கிவிட்டார்கள். கழகம் தவறவிட்ட மூன்று வாய்ப்புகளும் அந்தச் சுருக்கத்தில் மறைந்துபோயின.

“எல்லாம் கனவில் வந்தது”

ராமானுஜன் கதையில் இந்தச் சுருக்கம் நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. நாமகிரித் தாயாரிடம் அவருக்கு இருந்த பக்தி உண்மையானது. அதைத் தொட்டுப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் தாயார் சொன்னாள், இவர் எழுதினார் என்று முடித்துவிட்டால், கும்பகோணத்துத் திண்ணையிலும் திருவல்லிக்கேணியிலும் சிலேட்டு தேய்ந்த ஆண்டுகள் எங்கே போயின? காகிதம் வாங்க வசதியில்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கிடைத்த முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழி அழிந்தது, விடை நின்றது. வழியில்லாமலே விடை வந்தது என்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த நோட்டுகளின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு நிரூபணம் தேடி புரூஸ் பெர்ண்ட் ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். 1985 முதல் 1998 வரை பிடித்தது அது.

புத்தகமே இல்லாமல் வளர்ந்தார் என்பதும் சரியில்லை. லோனியின் முக்கோணவியல் சிறுவயதிலேயே கைக்கு வந்தது. 1903 வாக்கில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலில் சுமார் 5000 தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணமின்றி, வரிசையாக இருந்தன. ஆதரிக்க ஆளில்லை என்பதும் அப்படித்தான். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயர், மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கிய நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தவரோடு இரவில் எதிரே உட்கார்ந்து சிலேட்டு பிடித்த மேலதிகாரி நாராயண ஐயர் என்று ஒரு கூட்டமே இருந்தது. கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குக் கடிதம் போன 1913 ஜனவரிக்கு முன் இங்கேயே இத்தனை பேர் அவரை அடையாளம் கண்டிருந்தார்கள். கண்டுபிடித்தது கேம்பிரிட்ஜ் என்று நாமே சொல்லிக்கொள்வது மனத்தை வருத்துகிறது.

இனி 1729. புட்னியில் நோயுற்றுக் கிடந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729, சுவையில்லாத எண் என்கிறார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதங்களில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்கிறார் ராமானுஜன். 1³ + 12³. 9³ + 10³. ஹார்டியே எழுதியிருப்பதால் நிகழ்ச்சியைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தக் கணத்தில் பளிச்சென்று கண்டுபிடித்தார் என்பதுதான் தவறு. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன், 1913இலேயே, இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். மூன்று கன எண்களைக் கூட்டினால் இன்னொரு கன எண் வரும் எண்ணற்ற உதாரணங்களைத் தரும் சூத்திரம் அது. மிக எளியது 3³ + 4³ + 5³ = 6³. டாக்சி எண்ணை இடம்மாற்றி எழுதினால் 9³ + 10³ = 12³ + 1. அதே குடும்பத்து எண்தான். கடைசி ஆண்டில் எழுதிய தாள்களிலும், இப்படி ஒன்று கூடியோ குறைந்தோ நிற்கும் கன எண்களுக்கான சூத்திரத்தின் கீழே இந்த 9, 10, 12 உதாரணமாக இருக்கிறது. எத்தனையோ ஆண்டு பழகிய எண்ணைப் படுக்கையிலிருந்து அடையாளம் கண்டு சொன்னார். எனக்கு இது மின்னல் கதையைவிட நெருக்கமாக இருக்கிறது. (1657லேயே பிரெனிக்கிள் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த எண்ணைக் குறித்திருந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

சில கதைகள் ஒருவரை உயர்த்த இன்னொருவரை மிதிக்கின்றன. பேரரசி கேத்தரீனின் அவையில் ஆய்லர் ஏதோ ஓர் இயற்கணிதச் சமன்பாட்டைச் சொல்லி, ஆகவே கடவுள் உண்டு, பதில் சொல் என்றாராம். கணக்கே தெரியாத நாத்திகர் திதரோ வெட்கி ஊரைவிட்டே ஓடினாராம். திதரோ 1748இலேயே கணிதக் கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டவர். முதலில் இதை எழுதிய தியெபோ ஆய்லரின் பெயரைச் சொல்லவே இல்லை. ஆய்லருக்கு இந்தப் பெருமை தேவையும் இல்லை.

“கணிதத்தில் விளையாட்டுக்கு இடமில்லை”

இதையும் பலர் நம்புகிறார்கள். ஆனால் இல்லாததைப் படைத்து விளையாடுவதில் கணிதக்காரர்களுக்கு ஈடில்லை. ஆர்க்கிமிடீஸ், தம் தேற்றங்களை நிரூபணமில்லாமல் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பியபோது, இரண்டு பொய்த் தேற்றங்களையும் சேர்த்து அனுப்பினார். எல்லாம் முன்பே எங்களுக்குத் தெரியும் என்று பெருமையடிப்பவர்கள் மாட்டிக்கொள்ளட்டும் என்பது நோக்கம். சுருள்கள் பற்றிய நூலின் முன்னுரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

1975இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலர் ஜாக் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரையில் நாங்கள் என்றே எழுதிவிட்டார். ஒருவர் எழுதினால் அப்படி வரக்கூடாது என்று சக ஊழியர் சொன்னார். தட்டச்சு செய்ததை மறுபடி அடிக்க மனமில்லாமல், வீட்டுச் சயாமியப் பூனை செஸ்டரை வில்லார்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராக்கினார். கட்டுரை ‘பிசிக்கல் ரெவியூ லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. ஹீலியம் பற்றி அதில் இருந்த இயற்பியல் முழுக்க உண்மை.

பிறக்காத பேராசிரியர்களில் பெரியவர் நிக்கோலா பூர்பாகி. 1923இல் பாரிசில் ஒரு மாணவர் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு நடத்திய போலிச் சொற்பொழிவில், ஒரு படைத்தலைவரின் பெயரிலிருந்து பூர்பாகியின் தேற்றம் பிறந்தது. அலிகாரில் 1930 முதல் 1932 வரை கற்பித்த ஆந்த்ரே வெய்யின் யோசனையில், நம் டி. டி. கோசாம்பி 1931இல் பூர்பாகி என்ற ரஷ்யரின் பெயரால் ஒரு தேற்றத்தை இந்திய இதழில் பொதுமைப்படுத்தினார். 1934 டிசம்பரில் வெய், கார்தான், ஷெவலே, தியுதொனே போன்ற இளைஞர்கள் பாரிஸ் காபிக்கடையில் கூடி, அந்தப் பெயரிலேயே கணிதத்தை அடிப்படையிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 1939 முதல் தொகுதிகள் வரத் தொடங்கின. வெற்றுக் கணத்துக்கு நம் பாடப்புத்தகங்களில் இருக்கும் குறுக்குக்கோடிட்ட வட்டம் அவர்கள் கொடுத்தது. பூர்பாகி ஒரு குழுவின் புனைபெயர் என்று அமெரிக்கர் ரால்ஃப் போவாஸ் எழுதியபோது, போவாஸ் என்று ஒருவர் இல்லை, அது ஓர் இதழின் ஆசிரியர் குழு என்று பூர்பாகி தரப்பு வதந்தி கிளப்பியது.

போவாஸும் சளைத்தவர் இல்லை. அவரும் நண்பர் ஸ்மிதீஸும் படைத்த கற்பனைக் கணிதர் போண்டிசெரி. நம் பாண்டிச்சேரியின் பெயரை ஸ்லாவிய எழுத்துக்கூட்டலில் வளைத்தது அது. 1938இல் பாலைவனத்தில் சிங்கம் பிடிக்கும் கணித முறைகள் என்ற கட்டுரையை எழுதிய பெட்டார், அந்த போண்டிசெரியின் புனைபெயர். 1944இல் போண்டிசெரி பெயரில் வந்த இடவியல் கட்டுரை விளையாட்டே இல்லை. இன்றும் நூல்களில் ஹெவிட்–மார்செவ்ஸ்கி–போண்டிசெரி தேற்றம் என்று மூவர் பெயரிலும் நிற்கிறது. மூவரில் இருவர் வாழ்ந்தவர்கள்.

இந்தக் கற்பனைகள் யாருடைய உழைப்பையும் திருடவில்லை. தேற்றத்துக்கு நிரூபணம் இருந்தது, சரிபார்க்கலாம். ஆனால் பூர்பாகியைச் சுற்றியும் ஒரு வாழ்க்கைக் கதை முளைத்தது. 1939 இறுதியில் பின்லாந்தில் போர் தொடங்கியதும் வெய் ஒற்றர் என்ற சந்தேகத்தில் பிடிபட்டார். அவரிடம் ரஷ்யக் கடிதம் ஒன்றும், பொல்தேவியா என்ற இல்லாத நாட்டின் அரச கழக உறுப்பினர் பூர்பாகியின் முகவரி அட்டைகளும் இருந்தன. மறுநாள் சுடப்பட இருந்தவரை, விருந்து ஒன்றில் காவல் தலைவரைச் சந்தித்த கணிதர் நெவன்லின்னா காப்பாற்றினார் என்ற கதையை வெய்யே தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். பின்னர் ஒஸ்மோ பெக்கோனன் பின்லாந்து ஆவணங்களைப் புரட்டினார். மரண தண்டனைக்கான தடயம் அங்கே இல்லை. நாடு கடத்தல் மட்டும் நடந்தது. பிரான்சில் படைக்குச் செல்லாத குற்றத்துக்காக வெய் ருவான் சிறையில் அடைக்கப்பட்டார். முடிவுறு புலங்களின் மேலான வளைகோடுகளுக்கு ரீமன் கருதுகோளை நிறுவும் வழியை அவர் கண்டது 1940இல், அந்தச் சிறையறையில். இதற்கு ஆவணம் இருக்கிறது; அந்த ஆண்டே பாரிஸ் அறிவியல் கழக வெளியீட்டில் அச்சான குறிப்பு.